யாரைக் கேட்டு அனுப்பினீர்கள்?

தாழங்குப்பம், எண்ணூர்
6.2.2025

ஜெயக்கொடி சம்பந்தியம்மாவுக்கு மங்கை எழுதுவது.

போனில் பேசலாம் என்று உங்கள் மகன் ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்புகிறார். எனக்கு வேண்டாம். போனில் பேசினால் நாளைக்கே "நான் எங்கே அப்படிச் சொன்னேன்" என்று கேட்கலாம். காகிதத்தில் எழுதினால் அப்படிக் கேட்க முடியாது. நான் எட்டாவது வரை படித்தவள், எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் பிழை இருக்காது.

உங்கள் மருமகள் கீர்த்தி எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். எழுந்து நடக்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினேன், வற்றிவிட்டது. பேச்சு மட்டும் இல்லை.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு எழுந்தவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. ராயபுரம் பெரிய பிரசவ ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்றுதான் நானும் என் தம்பி சுப்புராயனும் நினைத்தோம். கண்டெய்னர் லாரி ரோட்டை அடைத்து நின்றது. அதோடு, கீர்த்திக்கு மாதா மாதம் பார்த்தது திருவொற்றியூரில் அந்த ஆஸ்பத்திரியில். அதைக் காட்டியது உங்கள் வீடு. தெரிந்த இடம், நன்றாகக் கவனிப்பார்கள் என்றீர்கள். வாசலிலும் இருபத்துநாலு மணி நேர அவசர சிகிச்சை என்று போர்டு. நம்பித்தான் உள்ளே போனோம்.

பெரிய டாக்டரம்மா வீட்டில் இருக்கிறார், சொல்லியாகிவிட்டது, வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். உங்கள் மகன் ஆன்றோவும் வந்தார். என்னை மருந்து வாங்கச் சொல்லி எதிர்க் கடைக்கு அனுப்பினார்கள். வாங்கிக்கொண்டு திரும்பினால் கட்டிலில் கீர்த்தி இல்லை. ரத்தம் ஊறிய விரிப்பு மட்டும் கிடந்தது. பக்கத்து வாசல் வழியாக ஆட்டோவில் ஏற்றி ராயபுரத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். ஆம்புலன்ஸ் கூட இல்லை, கூட ஒரு நர்ஸ் இல்லை. ராயபுரத்தில் பெற்றவளைத்தான் காப்பாற்ற முடிந்தது, குழந்தையை இல்லை.

போன வாரம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேனேஜர் உட்கார வைத்து டீ கொடுத்தார். "நாங்க எங்கம்மா அனுப்பினோம்? உங்க மாப்பிள்ளை வீட்டு ஆளுங்கதான் பெரிய இடத்துக்குக் கொண்டு போறோம்னு கேட்டாங்க. கொஞ்சம் பொறுத்திருந்தா டாக்டர் வந்திருப்பாங்க" என்றார்.

சம்பந்தியம்மா, அந்த ஆஸ்பத்திரி கேண்டீனுக்கு அரிசி, பருப்பு எல்லாம் போவது உங்கள் மொத்தக் கடையிலிருந்து. இது ஊருக்கே தெரியும். நீங்கள் ஏன் இத்தனை நாளாக ஒரு வார்த்தை அவர்களைக் கேட்கவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது.

சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டேன். ஆன்றோவைக் குப்பத்துப் பக்கம் அனுப்பாதீர்கள். தெருமுனையில் வந்து நின்றுவிட்டுப் போகிறார். பார்க்கிறவர்கள் என்னைத்தான் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள்.

மங்கை


திருவொற்றியூர்
11.2.2025

சம்பந்தியம்மா மங்கை அவர்களுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு என் வீட்டில் அது இல்லை.

கீர்த்தியைப் பற்றி நான் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிக் கேட்பது? என் எண்ணிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. மகன் கூப்பிட்டால் அவளுடைய போன் அணைந்திருக்கிறது. அதை நீங்கள் வாங்கி அலமாரியில் வைத்திருப்பதாகக் கேள்வி. மனைவியோடு பேசுவதற்குக் கணவன் தெருமுனையில் நிற்க வேண்டியிருக்கிறது. இதைக் கல்நெஞ்சு என்று நான் சொல்லவில்லை, உங்கள் தெருக்காரர்களே சொல்வதாக நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் என் மனதில் கிடந்து அறுக்கிறது. பிள்ளையை எங்கே அடக்கம் பண்ணினீர்கள்? ஆன்றோ ராயபுரத்தில் கீர்த்தியின் பக்கத்தில் இருந்த நேரத்தில் உங்கள் தம்பி கொண்டுபோய்க் காரியத்தை முடித்துவிட்டார். ஒரு ஜெபம் இல்லை, என்னிடம் ஒரு சொல் இல்லை. அது எனக்கும் பேத்திதான்.

இனி ஆஸ்பத்திரி விஷயம். மேனேஜர் எங்கள் கடைக்கு வந்தது உண்மை. வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க பெரிய டாக்டர் சௌமியா தெருமுனை வரைக்கும் கார்ல வந்துட்டாங்கம்மா. குப்பத்து ஆளுங்க கூட்டமா நின்னு கண்ணாடியை உடைச்சிட்டு இருந்தாங்க. அதைப் பார்த்து பயந்துபோய் காரைத் திருப்பிட்டாங்க. பொம்பளை டாக்டர், வேற என்ன பண்ணுவாங்க?" அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? கண்ணாடி உடைந்த சத்தத்தை நானே என் காதால் கேட்டேன். என்னை உள்ளே விடாமல் காவலாளி வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். உங்கள் தம்பி காலால் உதைத்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அவர் அன்றைக்கு வாயையும் காலையும் அடக்கியிருந்தால் இன்றைக்கு நம் மடியில் ஒரு பிள்ளை இருந்திருக்கும். இந்தக் கல்யாணப் பேச்சு வந்தபோதே என் வீட்டுக்காரர் ஞானதுரை என்னிடம் சொன்னார், "எதுக்கெடுத்தாலும் ஆள் சேத்துக்கிட்டு வருவாவ, யோசிச்சுக்கோ" என்று. நான்தான் மகன் முகத்தைப் பார்த்துச் சம்மதித்தேன்.

கேண்டீனுக்குச் சரக்குப் போவது வியாபாரம். அதற்கு என் பேத்தியின் உயிரை விற்றேன் என்கிறீர்கள். எழுதிய கை உங்களுக்கு நடுங்கவில்லையா?

கீர்த்தியை எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். அவள் இருக்க வேண்டிய இடம் இது.

ஜெயக்கொடி ஞானதுரை


தாழங்குப்பம்
17.2.2025

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை என் தம்பி முன்னால் வாய்விட்டுப் படித்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டான். அவன் சொன்னதை அவன் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"இன்னாக்கா சொல்லுது அந்தம்மா? கூட்டமா? நானு, ஆட்டோ ஓட்டிகினு வந்த பையன், பின்னால பைக்ல வந்த நம்மாளு ரெண்டு பேரு. இதுக்குப் பேரு கூட்டமா? கட்டில்ல பொண்ணு இல்லன்னு நீ அலறிகினு வெளிய ஓடியாந்தியே, அப்பத்தான் ஒதச்சேன். அதுக்கு முன்னால கைய கட்டிகினு ஸ்கூல் பையன் மாறி நின்னுகினு இருந்தேன்."

கண்ணாடி உடைந்தபோது கீர்த்தி உள்ளே இல்லை, சம்பந்தியம்மா. அவள் போன பிறகு உடைந்த கண்ணாடியைப் பார்த்து, அவள் போவதற்கு முன்னால் வர வேண்டிய டாக்டர் எப்படிப் பயந்து ஓடுவார்? உங்கள் மேனேஜரை இதைக் கேளுங்கள். நீங்கள் வாசலில்தானே நின்றீர்கள். ஒரு காராவது வந்ததா?

ஆள் சேர்த்துக்கொண்டு வருவோம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னாராம். சொல்லட்டும். கடலுக்குப் போனவன் திரும்பி வராவிட்டால் நாங்கள் ஆள் சேர்த்துக்கொண்டுதான் தேடப் போவோம். பழக்கம் அப்படி.

கீர்த்தியின் போனை நான் வைத்திருப்பது உண்மை. ஆஸ்பத்திரியிலிருந்து யார் யாரோ அவளைக் கூப்பிட்டு "புகாரை வாபஸ் வாங்கிக்கம்மா, உடம்பு தேறட்டும்" என்று கரிசனமாகப் பேசினார்கள். அந்த எண்ணை அவர்களுக்கு யார் கொடுத்தது? முதலில் பதிந்தபோது கொடுத்ததுதான் என்று சொல்வீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேனேஜர் கடைக்கு வந்ததை நான் கேட்காமல் நீங்களாகச் சொன்னீர்கள். சொல்லாமல் விட்டது என்னவோ.

குழந்தை விஷயத்தில் நீங்கள் கேட்டது நியாயம். யாருக்கும் அன்றைக்குப் புத்தி வேலை செய்யவில்லை. மேற்கே, சுடுகாட்டுச் சுவரை ஒட்டி ஒரு வேப்பங்கன்று இருக்கிறது. அதன் பக்கத்தில். நீங்கள் வந்து ஜெபம் பண்ணினால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று தகவல் வந்திருக்கிறது. அங்கே நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். என் பெண்ணை அனுப்புவது பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

மங்கை


திருவொற்றியூர்
26.2.2025

மங்கை சம்பந்திக்கு,

நீங்கள் கேட்டதற்கு உடனே பதில் எழுதாமல் தாமதித்ததற்குக் காரணம், உங்களை நான் நம்பவில்லை. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. உங்கள் தம்பி சொன்னதைப் பொய்யென்று காட்ட வேண்டும் என்றுதான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் மகனைக் கேட்டேன். சாப்பிட உட்கார்ந்தவனிடம், "மாமா கண்ணாடியை உடைக்கும்போது நீ எங்கல இருந்த?" என்று கேட்டேன். "நாங்க அப்பவே தேரடி தாண்டிட்டோம்மா" என்றான். அப்படியானால் சுப்புராயன் சொன்னது சரி. மேனேஜர் எனக்குச் சொன்னது சரியில்லை.

அப்புறம்தான் இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்களிடம், டாக்டர் வந்துகொண்டிருந்தார், மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டார்கள் என்றிருக்கிறார். என்னிடம், டாக்டர் வந்தேவிட்டார், பெண் வீட்டார் விரட்டிவிட்டார்கள் என்றிருக்கிறார். ஒரே வாய் சம்பந்தி. நாங்கள் உங்களைப் பற்றி வீட்டுக்குள் என்ன பேசிக்கொள்வோம், நீங்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவரவருக்குப் பிடித்த கதையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நாம் வாங்கிக்கொண்டோம்.

யாரிடமும் சொல்லாமல் டாக்டர் சௌமியாவைத் தேடிப் போனேன். எம்.கே.பி. நகரில் சொந்தமாகச் சின்ன கிளினிக் வைத்திருக்கிறார். முட்டி வலி என்று டோக்கன் எடுத்தேன். "நான் பிரசவ டாக்டர்மா, முட்டிக்கு வேற டாக்டரைப் பாருங்க" என்றார். "வலி முட்டியில இல்ல டாக்டர். பொங்கல் முடிஞ்ச சனிக்கிழமை நீங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பினியளாமே, அதைக் கேட்கத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். அன்றைக்குத் தன்னை யாரும் கூப்பிடவே இல்லை என்றார். தீபாவளியோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். ஆளே வைக்காமல் எல்லா அவசரத்துக்கும் தன் பெயரைப் போடுகிறார்கள் என்று சண்டை. பெயரை எடுங்கள் என்று இரண்டு முறை சொல்லியும் அவசரப் பிரிவுப் போர்டில் அப்படியே விட்டிருக்கிறார்கள். கேட்கிறவர்களிடம் லீவில் இருக்கிறார் என்று சமாளித்திருக்கிறார்கள். கீர்த்திக்கும் கடைசி மாதங்களில் பார்த்தது வேறு வேறு ஆள்கள்தானாம், இதை ஆன்றோவும் ஒப்புக்கொள்கிறான்.

"விசாரணையில இதைச் சொல்லுவியளா?" என்று கேட்டேன். "தெரியலைம்மா" என்றார். தெருமுனை வரை வந்ததாகச் சொல்லிவிடுங்கள் என்று அவருக்கும் போன் போயிருக்கிறது. இந்த வட்டாரத்தில் தொழில் பண்ண வேண்டும், அவருக்கும் பயம்.

இன்னொன்று. இதை எழுதாமல் விட்டால் நீங்கள் வேறு வழியில் தெரிந்துகொள்வீர்கள், அதனால் நானே எழுதுகிறேன். மேனேஜர் உங்களிடம் சொன்னதில் ஒரு பங்கு உண்மை. ஆன்றோ தன் வாயால் "சரி, கொண்டு போறோம்" என்று சொல்லியிருக்கிறான். இங்கே வைத்திருந்தால் செத்துப்போவாள், பொறுப்பு உங்களுடையது என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். சொல்லிவிட்டான். என்னிடம்கூட இத்தனை நாள் மறைத்துவிட்டான். சோற்றில் கையை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

இதை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் நிற்பேன் என்று கேட்டீர்கள். என் மகன் சொன்னதை உங்களுக்கு எழுதிவிட்டேன். அதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

ஜெயக்கொடி


தாழங்குப்பம்
5.3.2025

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் வந்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். மாப்பிள்ளை சரி என்று சொன்னது உண்மைதான் என்று உங்கள் கையெழுத்திலேயே வந்துவிட்டதே என்று. அந்தச் சந்தோஷம் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற நேரம்கூட நிற்கவில்லை.

கீர்த்தியிடம் போய், "பாத்தியா, உன் புருசன்தான் உன்னை அனுப்பிகிறான், அந்தம்மாவே எழுதிகிது" என்றேன். அவள் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்குத் தெரியும்மா. நான் முழிச்சுகினுதான் இருந்தேன்" என்றாள்.

எல்லாம் கேட்டிருக்கிறாள், சம்பந்தியம்மா. நர்ஸ் ஒருத்தி, பெரிய டாக்டரைக் கூப்பிடலாமா சார் என்று கேட்டதும், அங்கே இருந்த சின்ன டாக்டர், "யாரைக் கூப்பிடச் சொல்றீங்க? பேர்தான் போர்டுல இருக்கு" என்று சொன்னதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. டாக்டர் வருகிறவரை இங்கேயே இருக்கட்டும் சார், ரத்தமாவது ஏற்றுங்கள் சார், உங்கள் ஆம்புலன்சிலாவது அனுப்புங்கள் சார் என்று ஆன்றோ கெஞ்சியதையும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் முடியாது என்ற பிறகுதான் அவர் சரி என்றிருக்கிறார். இதை அவர் உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். அந்தச் சரியை மட்டும்தான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

"அப்புறம் ஏண்டி இத்தினி நாளா வாயத் தொறக்கல?" என்று கேட்டேன்.

"யாரு கேட்டீங்க? நீ அவங்க வூட்ட திட்டிகினு இருந்த. அவங்க உன்னைத் திட்டிகினு இருந்தாங்க. ஆஸ்பத்திரியிலயும் என் தலைக்கு மேல பேசினாங்க, இங்கயும் அப்படித்தான். அவரும்தான். சரின்னு சொல்றதுக்கு முன்னால குனிஞ்சு என் மூஞ்சிய ஒரு தடவ பார்த்தாரா? கீர்த்தி, போலாமா, இருக்கலாமான்னு கேட்டாரா? அதான்மா எனக்குக் கோவம். அனுப்பினதுக்கு இல்ல."

அலமாரியிலிருந்து போனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் சௌமியா விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பயப்படுகிறவர் கடைசி நேரத்தில் எந்தப் பக்கமும் சாய்வார். நீங்கள் தனியாகப் போய்ப் பார்த்தது எதற்கு என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன். தெரியாமல் போய் வாயை அடைத்துவிட்டு வந்து, எனக்கு இப்படி எழுதுகிறீர்களோ என்று. இப்போதும் முழுசாகப் போகவில்லை அந்த நினைப்பு. போகும்போது சொல்கிறேன்.

விசாரணை அடுத்த வாரம், புதன்கிழமை. கீர்த்தியோடு ஒருவர்தான் உள்ளே வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் புடவை எடுத்து வைத்திருந்தேன். அவள் உங்களைக் கூப்பிடச் சொல்கிறாள்.

"நீ அழுவம்மா. நீ அழுதா நானும் அழுவேன், பேச முடியாது. அத்தை அழமாட்டாங்க" என்கிறாள்.

பெற்றவளுக்கு இது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். உள்ளே நடந்ததை ஒன்று விடாமல் எனக்கு எழுத வேண்டும். வாயால் சொன்னால் அங்கேயே சண்டை வந்துவிடும்.

மங்கை


திருவொற்றியூர்
13.3.2025

மங்கை சம்பந்திக்கு,

நேற்று வெளியே வந்ததும் கீர்த்தியை உங்களிடம் விட்டுவிட்டு நான் நிற்காமல் போய்விட்டேன். தப்பாக நினைக்காதீர்கள். பேசும் நிலையில் இல்லை. கேட்டபடி எழுதுகிறேன்.

உள்ளே ஒரு நீள மேசை. விசாரணை அதிகாரி ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். எதிர்ப்பக்கம் மேனேஜரும், அன்றைக்குப் பணியில் இருந்த சின்ன டாக்டரும், அவர்களுடைய வக்கீலும். புகார் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன். "நான்தான்" என்றாள் கீர்த்தி. "எழுதினது எங்கம்மா. ஆனா கட்டில்ல படுத்துகினு இருந்தது நான்."

மேனேஜர் முதலில் பேசினார். டாக்டருக்குத் தகவல் போனது, அவர் வந்துகொண்டிருந்தார், வெளியே கலவரச் சூழல், குடும்பத்தார் தாங்களாகவே அழைத்துச் சென்றுவிட்டார்கள் என்று மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். என்னைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டார்.

டாக்டர் சௌமியா வரவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. நீங்கள் எழுதியதுதான் சரி என்று நினைத்தேன். அப்போது கீர்த்தி பேச ஆரம்பித்தாள். சத்தம் போடவில்லை. நர்ஸ் கேட்டது, சின்ன டாக்டர் சொன்ன பதில், ஆன்றோ கெஞ்சியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். வக்கீல் குறுக்கிட்டு, "அந்த நிலைமையில உங்களுக்கு நினைவு சரியா இருந்திருக்காதும்மா" என்றார். "நினைவு இருந்துச்சு சார். குழந்தை அசையறதும் தெரிஞ்சுது. ஆட்டோல ஏத்தும்போது அசைஞ்சுது. அப்புறம்தான் நின்னுச்சு" என்றாள்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

பிறகு மேனேஜரைப் பார்த்துக் கேட்டாள். "குடும்பத்தாரைக் கேட்டோம்னு சொல்றீங்க. என்னை யாராச்சும் கேட்டீங்களா? டாக்டர் இல்ல, வரமாட்டாங்க, இதான் நிலைமைன்னு எனக்குச் சொன்னீங்களா? யாரைக் கேட்டு சார் என்னை அனுப்பினீங்க?"

மேனேஜர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேசையைப் பார்த்தார். அதிகாரி சின்ன டாக்டரிடம் திரும்பி, "ரத்தப்போக்கை நிறுத்த முதலுதவி என்ன செய்தீர்கள்? எந்த டாக்டரை, எப்படிக் கூப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். அந்தப் பையனுக்கு நம் கீர்த்தி வயதுதான் இருக்கும். "கூப்பிட ஆள் இல்ல மேடம்" என்றான்.

அந்த நேரத்தில்தான் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் சௌமியா வந்தார். மூச்சு வாங்கியது. கீழே வண்டியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம், ஏறி வருவதா வேண்டாமா என்று. எனக்குச் சொன்னதை அப்படியே அங்கேயும் சொன்னார். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் என்று கீர்த்தியைப் பார்த்துச் சொன்னார். கீர்த்தி தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

அவசரம் என்று வருகிறவரை முதலில் நிலைப்படுத்தாமல் வெளியே அனுப்பக் கூடாது, கூப்பிட்டால் வருகிற டாக்டர் இல்லாமல் அவசரப் பிரிவு என்று போர்டு வைக்கக் கூடாது, நோயாளிக்குச் சொல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். சரியான டாக்டர்களை நியமிக்கும்வரை அவசரப் பிரிவை மூடச் சொல்லி உத்தரவு வரும் என்றும், மற்றதை மேலே மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்புவதாகவும் சொன்னார். இது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. இதற்குமேல் அந்த அறையில் எதுவும் கிடைக்காது என்பது மட்டும் தெரிந்தது.

இவ்வளவுதான் நடந்தது. கீர்த்தி நினைத்த மாதிரியே நான் அழவில்லை.

ஜெயக்கொடி


தாழங்குப்பம்
23.3.2025

சம்பந்தியம்மாவுக்கு,

நேற்று சுப்புராயன் திருவொற்றியூர் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவசர சிகிச்சைப் போர்டைக் கழற்றிவிட்டார்களாம், சுவரில் துளை மட்டும் இருக்கிறதாம். உடைத்த கண்ணாடிக்காக அவன்மேல் அவர்கள் போலீசில் கொடுத்த புகார் அப்படியேதான் இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போய் வருகிறான். உதைத்தது உதைத்ததுதானே, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன் என்கிறான்.

ஆன்றோ மூன்று நாளாக வருகிறார். நான் கூப்பிடவில்லை, கீர்த்தி கூப்பிட்டாள். முதல் நாள் இரண்டு பேரும் முகத்துவாரம் பக்கம் போய் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. அவர் இங்கேயே சாப்பிட்டார். எந்த வீட்டில் இருப்பது என்று அவள் இன்னும் முடிவு பண்ணவில்லை. மணலி புதுநகரில் தனியாக வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்றும் பேச்சு இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் பிடிக்காது. அவளைக் கேட்டுத்தான் இனிமேல் எதுவும்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் வந்ததும் நான் அதை அப்படியே நம்பிவிடவில்லை. கீர்த்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து வரி வரியாகப் படித்து, இது நடந்ததா, இது நடந்ததா என்று கேட்டேன். எதையாவது மாற்றி எழுதியிருப்பீர்கள், உங்கள் வீட்டுக்குச் சாதகமாக எங்கேயாவது வளைத்திருப்பீர்கள் என்று தேடினேன். கோபப்படாதீர்கள், என் மனசு அப்படிப் பழகிவிட்டது.

நீங்கள் எழுதியது எல்லாமே சரி என்றாள். அப்புறம் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒன்னு வுட்டுட்டாங்கம்மா" என்றாள். சொல்லு என்றேன்.

மேனேஜர், குப்பத்துக் கூட்டம் வந்து கலவரம் பண்ணியதால்தான் இவ்வளவும் என்று சொன்னபோது நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்தீர்களாம். உட்காருங்கள் என்று வக்கீல் சொல்லியும் உட்காரவில்லையாம். அதிகாரியைப் பார்த்து, "அந்தக் கூட்டத்துல நானும்தான் நின்னேன். வாசல்ல நின்னு எம் மருமகளுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டு நின்னேன். நானும் அந்தக் கூட்டந்தான், எழுதிக்கிடுங்க" என்று சொன்னீர்களாம். அப்புறம் மேனேஜரிடம் திரும்பி, "நாளையில இருந்து உங்க கேண்டீனுக்கு எங்க கடையில இருந்து ஒரு பருப்பு வராது" என்றீர்களாம். சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்களாம். கீர்த்தி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

உங்கள் கடிதத்தில் அந்த இடத்தில், என்னைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டார் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள்.

ஒன்று விடாமல் எழுத வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். இதை ஏன் விட்டீர்கள், ஜெயக்கொடி?

மங்கை